ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியை எடுத்துக்கொண்டுவிட்ட துணைவேந்தர் ஐயா அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கு நடுவே வந்து முதல் வரிசையில் வீற்றிருக்கும் கல்வித் துறை அதிகாரிகளே, வேதியியல் துறைத் தலைவர் அம்மையார் அவர்களே, ஒலிபெருக்கியை மூன்று முறை சரிசெய்து கொடுத்த தம்பி அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவ மாணவியரே, குறிப்பாகக் கடைசி வரிசை மாணவர்களே, அனைவருக்கும் வணக்கம். கடைசி வரிசையை ஏன் தனியாகக் கூப்பிடுகிறேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

என்னை அறிமுகப்படுத்திய நண்பர் "வேதியியல் கடல்" என்றார். கடலெல்லாம் இல்லை. முப்பது ஆண்டுகள் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப நடத்தியவன், அவ்வளவுதான். தலைவர் அவர்கள் எனக்கு நாற்பது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். அதில் ஆறு நிமிடம் வணக்கம் சொல்லியே கரைந்திருக்கும்.

இன்று மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். வேதிவினையில் அளவு என்கிற எண்ணம் எப்படி வந்தது என்பது ஒன்று. வினை எங்கே நிற்கிறது, எது அதை நிறுத்துகிறது என்பது இரண்டு. கணக்குப்படி கிடைக்கவேண்டியது ஏன் கைக்கு முழுதாக வந்து சேர்வதில்லை என்பது மூன்று. இந்த மூன்றுக்கும் சேர்த்து நம் முன்னோர் ஒரே வரி சொல்லிவைத்தார்கள்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. என் மாணவர்கள் யாராவது இங்கே இருந்தால் இப்போது சிரிப்பார்கள். இந்தப் பழமொழியைச் சொல்லாமல் நான் ஒரு வகுப்பும் முடித்ததில்லை.

முதல் செய்தி. லவாய்சியர் என்றொரு பிரெஞ்சுக்காரர். அவரைப் பெரிய கண்டுபிடிப்பாளர் என்பார்கள். என்னைக் கேட்டால் பெரிய நிறுவையாளர் என்பேன். எரியும் முன்னால் நிறுத்தார், எரிந்த பின்னால் நிறுத்தார், வெளியேறும் காற்றையும் பிடித்துவைத்து நிறுத்தார். போட்ட எடையும் வந்த எடையும் ஒன்றே என்று 1789-இல் வெளியிட்ட தம் நூலில் அடித்துச் சொன்னார். 1794-இல் புரட்சி அவர் தலையை வாங்கிவிட்டது. அதே காலத்தில் ஜெர்மனியில் ரிக்டர் என்றொருவர், வேதியியலே கணிதத்தின் ஒரு கிளை என்று பிடிவாதமாக நம்பியவர், இன்ன அளவு அமிலத்துக்கு இன்ன அளவு காரம் என்று அட்டவணை போட்டுக்கொண்டிருந்தார். 'ஸ்டாய்க்கியோமெட்ரி' என்ற பெயரை 1792-இல் வைத்தவர் அவர்தான். கிரேக்கத்தில் 'ஸ்டாய்க்கியான்' என்றால் தனிமம், 'மெட்ரான்' என்றால் அளவை. நாம் அதை வேதிவினைக்கூறு விகிதம் என்கிறோம். அதற்குப் பிறகு புரூஸ்ட், டால்டன், அவகாட்ரோ என்று வரிசையாக வந்தார்கள். அவர்களைப் பற்றித் துணைவேந்தர் ஐயா என்னைவிட அழகாகச் சொல்லிவிட்டதால் தாண்டிப் போகிறேன்.

இரண்டாவது செய்திதான் என் செய்தி. ஒரு கேள்வி கேட்கிறேன், உரக்கச் சொல்லுங்கள். ஒரு கலனில் 28 கிராம் நைட்ரஜன் இருக்கிறது, 10 கிராம் ஹைட்ரஜன் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து அம்மோனியா ஆகவேண்டும். எது முதலில் தீரும்?

ஹைட்ரஜன் என்று பாதி அரங்கம் சொல்கிறது. பத்து, இருபத்தெட்டைவிடச் சிறிதுதானே! உங்கள் மேல் பிழையில்லை, தராசு அப்படித்தான் காட்டும். ஆனால் வினைக்குக் கிராம் தெரியாது. அதற்குத் தெரிந்தது தலை எண்ணிக்கை மட்டும். ஒரு நைட்ரஜன் மூலக்கூறுக்கு மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறு என்பது சமன்பாட்டின் கணக்கு. 28 கிராம் நைட்ரஜன் என்பது ஒரு மோல் (மூலக்கூறுகளை எண்ணுகிற ஓர் அலகு, கொஞ்சம் பொறுங்கள், விளக்குகிறேன்). அதற்கு மூன்று மோல் ஹைட்ரஜன் போதும், அதாவது 6 கிராம். நம்மிடம் 10 இருக்கிறது. ஆக, எடையில் கனமாகத் தெரிந்த நைட்ரஜன்தான் முதலில் காலியாகிறது. 34 கிராம் அம்மோனியாவுக்கு மேல் ஒரு துளிகூட வராது. நான்கு கிராம் ஹைட்ரஜன் துணையில்லாமல் கலனுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். (முழுவதும் வினைபட்டால் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். அம்மோனியா வினை மீள்வினை என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும், அந்தச் சண்டைக்கு இப்போது வரவேண்டாம்.)

முதலில் தீர்ந்து வினையை நிறுத்துகிற அந்தப் பொருளுக்கு வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்று பெயர். பெயர் நீளம், பையன் அதை எழுதி முடிப்பதற்குள் கேள்வியையே மறந்துவிடுகிறான். 'முந்தித் தீர்வது' என்று சொல்லிக்கொடுத்தால் போதாதா? அம்மையார் சிரிக்கிறார்கள். பாடநூல் குழுவில் இருப்பவர்கள் காதில் விழட்டும்.

மோல் என்ற சொல்லைக் கேட்டு மிரளவேண்டாம். பன்னிரண்டைச் சேர்த்து டஜன் என்பது போல அதுவும் ஓர் எண்ணிக்கைதான், கொஞ்சம் பெரிய எண்ணிக்கை. 2019 மே 20 முதல் அதற்குத் துல்லியமான மதிப்பே கொடுத்துவிட்டார்கள்: 6.02214076-ஐப் பத்தின் இருபத்து மூன்றாம் அடுக்கால் பெருக்கவேண்டும். எண்ணி முடிக்க ஆளில்லை, அதனால் நிறுத்துப் பார்த்து எண்ணுகிறோம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்களே தவிர, எண்ணிப் போடு என்று சொல்லவில்லை!

இப்போது கடைசி வரிசைக் கதைக்கு வருகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது ஆண்டு. பள்ளியில் அறிவியல் கண்காட்சி, ஓர் உயர் அதிகாரி வருகிறார். எந்தப் பள்ளி, எந்த அதிகாரி என்பதெல்லாம் வேண்டாம். புதிதாக வந்தவன் என்ற துடிப்பில் நான் ஒரு வேலை செய்தேன். மூன்று கூம்புக் குடுவைகள். ஒவ்வொன்றிலும் ஒரு மோலார், அதாவது லிட்டருக்கு ஒரு மோல் உள்ள, ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மில்லிலிட்டர். மூன்று பலூன்கள். முதல் பலூனுக்குள் அரை மீட்டர் மெக்னீசிய நாடா, இரண்டாவதில் ஒரு மீட்டர், மூன்றாவதில் இரண்டு மீட்டர், எல்லாம் துண்டு துண்டாக நறுக்கி. பலூனைக் குடுவையின் வாயில் மாட்டி நிமிர்த்தினால் நாடா உள்ளே விழும், ஹைட்ரஜன் கிளம்பும், பலூன் உப்பும்.

நாடாவை ஏன் மீட்டரில் சொல்கிறேன் என்று கேட்கவேண்டும் நீங்கள். தராசு அலமாரியில் இருந்தது. அலமாரி பூட்டியிருந்தது. சாவி ஒருவரிடம் இருந்தது, அவர் விடுப்பில் இருந்தார். அளவுகோலை வைத்து வெட்டினேன்.

அதிகாரி வந்தார். பின்னாலேயே தலைமையாசிரியர், அவர் பின்னால் ஒரு கூட்டம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தேன்: "ஐயா, இரண்டாவது பலூன் முதல் பலூனைப் போல இரண்டு மடங்கு பெருக்கும். மூன்றாவது நான்கு மடங்கு பெருக்கும்!"

முதல் பலூனை நிமிர்த்தினேன், நன்றாகவே உப்பியது. இரண்டாவது அதன் இரண்டு மடங்கு. கைதட்டல். அதிகாரி தலையாட்டினார், தலைமையாசிரியருக்கு முகமெல்லாம் பல். மூன்றாவதை நிமிர்த்தினேன். புஸ்ஸென்று சீறியது. குடுவையில் கை வைக்க முடியாத சூடு. பலூன் ஏறுகிறது, ஏறுகிறது, இரண்டாவது பலூனின் உயரத்துக்கு வந்தது. நின்றுவிட்டது.

குடுவையை ஆட்டினேன். அசையவில்லை. பலூனில் ஓட்டை இருக்கிறதா என்று காது வைத்துக் கேட்டேன். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். தலைமையாசிரியர் என்னைப் பார்க்கிறார். நான் பலூனைப் பார்க்கிறேன். அப்போது கடைசியில் பெஞ்சுமேல் ஏறி நின்ற ஒரு பையன், தேர்வில் ஒருமுறைகூட என் பாடத்தில் தேறாதவன், கத்தினான்: "சார், நாடா இன்னும் உள்ளயே கெடக்கு சார்! ஆசிட்தான் செத்துப்போச்சு!"

அவையோரே, வினைக்கட்டுப்பாட்டுக் காரணிக்கு அதைவிட நல்ல விளக்கத்தை இன்றுவரை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார், அந்தப் பையன் தோளில் தட்டினார். என்னைத் தட்டவில்லை.

அன்று மாலை எங்கிருந்தோ சாவி வந்து சேர்ந்தது. அந்தப் பையனும் நானும் உட்கார்ந்து நிறுத்தோம். எங்களிடம் இருந்த நாடா, மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிராம். குடுவையில் இருந்த அமிலம் 0.1 மோல். ஒரு மெக்னீசியத்துக்கு இரண்டு அமிலம் என்பதால் 0.05 மோல் மெக்னீசியத்தோடு அமிலம் காலி. 0.05 மோல் என்றால் எவ்வளவு? 1.2 கிராம். ஒரு மீட்டர்! நான் தற்செயலாக வெட்டிய இரண்டாவது துண்டு, அமிலத்துக்குச் சரியாக அளவெடுத்தது போல அமைந்திருக்கிறது. மூன்றாவது குடுவையில் மிஞ்சிய நாடாவைக் கழுவித் துடைத்துத் தட்டில் வைத்தான். 1.1 கிராம் காட்டியது. 1.2 அல்லவா காட்டவேண்டும் என்று கேட்டான் பாருங்கள், அன்றைக்குத்தான் அவன் வேதியியல் படிக்கத் தொடங்கினான். சூடான நீரோடும் மெக்னீசியம் கொஞ்சம் வினைபடும் என்பதை அவனுக்கு விளக்க இன்னொரு மாலை வேண்டியிருந்தது. (வீட்டில் செய்து பார்க்காதீர்கள். ஹைட்ரஜன் பலூன் பக்கத்தில் தீப்பொறி வந்தால் கதை வேறாகிவிடும்.)

பலூன் உப்பாவிட்டால் எனக்கு மானம்தான் போனது. உயிர் போகக்கூடிய இடமும் உண்டு. 1970 ஏப்ரலில் அப்போலோ 13 விண்கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. மூன்று பேரும் நிலாவில் இறங்குவதற்கான சிறு கலத்துக்குள் ஒதுங்கினார்கள். அங்கே மூச்சுவிட ஆக்சிஜன் இருந்தது. போதாதது எது? வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் லித்தியம் ஹைட்ராக்சைடு. 44 கிராம் கார்பன் டை ஆக்சைடுக்கு 48 கிராம் லித்தியம் ஹைட்ராக்சைடு வேண்டும். ஒரு மனிதர் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கார்பன் டை ஆக்சைடு விடுகிறார். இருவருக்கு இரண்டு நாளைக்கென்று வைத்த சரக்கை, மூவருக்கு நான்கு நாள் இழுக்கவேண்டும். தாய்க்கலத்தில் உறிஞ்சுபெட்டி மிச்சம் இருந்தது. ஆனால் அது சதுரம், சிறு கலத்தின் துளையோ வட்டம். அட்டை, பிளாஸ்டிக் பை, குழாய், ஒட்டுநாடா கொண்டு இரண்டையும் பொருத்தி உயிர் பிழைத்தார்கள். அந்தக் கலத்தில் முந்தித் தீர்வது எது என்று தரையில் இருந்தவர்களுக்குக் கணக்குத் தெரிந்திருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மிஞ்சியது சும்மா கிடக்கும் என்றேன், எப்போதும் அப்படிக் கிடக்காது. சுண்ணாம்புத் தெளிநீரில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்தினால் பால்போல் வெளுக்கும். நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருங்கள், வெளுப்பு மறைந்து மறுபடி தெளியும். மிகுதியாக வந்தது, விளைந்ததையே கரைத்துவிட்டது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது இந்த இடத்தில் நன்றாக உறைக்கும்.

சரி, நான் உண்மையில் எதற்காக இந்த மேடைக்கு வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதிகாரிகள் முதல் வரிசையில் இருக்கும்போது சொல்லாமல் வேறு எப்போது சொல்வது? ஐயா, அம்மா, தராசுகளை அலமாரியிலிருந்து வெளியே எடுங்கள். நான் போகிற இடமெல்லாம் ஆய்வகத்தில் தராசு இருக்கிறது, உறை போட்டு, பூட்டி, இருப்புப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கிறது. கெட்டுவிடுமாம். பிள்ளைகள் தொட்டால் கெடுகிற தராசு கெடட்டுமே! தொடாமல் வைத்திருந்தால் கெடுவது பிள்ளைகள். மோலை வகுத்து, குணகத்தால் வகுத்து, விடையைக் கட்டம் போட்டுக் காட்டுகிற மாணவர்களை நூற்றுக்கணக்கில் பார்த்துவிட்டேன். ஒரு கிராம் மெக்னீசியம் உள்ளங்கையில் எவ்வளவு இருக்கும் என்று கேட்டால் விழிக்கிறார்கள். ஒவ்வொரு மாணவரும் தம் கையால், ஆண்டுக்குப் பத்து முறையாவது நிறுக்கவேண்டும். செய்முறைத் தேர்வில் நிறுப்பதற்கென்று தனி மதிப்பெண் வேண்டும். இதைப் பதினைந்து ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மனுவாகவும் கொடுத்திருக்கிறேன். மனுவை நிறுத்துப் பார்த்தால் அரைக் கிலோ தேறும்.

தலைவர் அவர்களிடமிருந்து துண்டுச்சீட்டு வந்துவிட்டது. மூன்றாவது செய்தியைத் தொடவே இல்லை. விளைச்சல் விழுக்காடு பற்றியது அது. வடிதாளில் ஒட்டியது, குடுவையில் தங்கியது, பக்கவினையில் போனது என்று நிறைய இருக்கிறது. என்னை மறுபடி அழைத்தால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஒரே ஒரு நிமிடம் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள், ஐயா. இந்தப் பைக்குள் சொந்தத் தராசு ஒன்று கொண்டுவந்திருக்கிறேன், ஒரு சுருள் மெக்னீசிய நாடாவும் இருக்கிறது. கடைசி வரிசையில் அந்த நீலச் சட்டைத் தம்பி, பக்கத்தில் இருக்கிற தங்கை, இருவரும் மேலே வாருங்கள். 0.05 மோல் வெட்டித் தரவேண்டும். தராசைச் சுழியத்தில் வைத்துவிட்டேன். கத்தரிக்கோல் மேசைமேல் இருக்கிறது.