பாத்திரத்தின் எடையைக் கழித்துவிட்டு

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

வசந்த காலம் வந்தாலே அமெரிக்கப் பள்ளிகளில் ஸ்டேட் டெஸ்ட், அதாவது மாநிலத் தேர்வு பற்றிய பேச்சு தொடங்கிவிடும். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை வருடா வருடம் வாசிப்பு, கணக்கு. உயர்நிலைப் பள்ளியில் ஒருமுறை. சிறப்புக் கல்வி ஆசிரியராக இந்தப் பருவத்தைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். அப்போதெல்லாம் தமிழ்த் தாய்மார்கள் யாராவது என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள்: "அக்கா, என் பையனுக்கு மட்டும் கூடுதல் நேரம் வாங்கிக் கொடுத்தால் மற்ற பிள்ளைகளுக்கு அது அநியாயம் இல்லையா?"

நல்ல மனசிலிருந்து வருகிற கேள்விதான். நம் மொழியில் இதற்கு வழங்கும் சொல்லும் அந்தத் தயக்கத்தைக் கூட்டிவிடுகிறது. 'சலுகை' என்கிறோம். சலுகை என்றால் யாரோ இரக்கப்பட்டுக் கொடுப்பது, கொஞ்சம் கூச்சத்தோடு வாங்கிக்கொள்வது. இங்கே பள்ளிகளில் 'அக்காமடேஷன்' என்கிறார்கள், பிள்ளையின் குறைபாடு தேர்வுக்குக் குறுக்கே வராதபடி செய்து தரும் ஏற்பாடு. அதில் இரக்கத்துக்கு இடமே இல்லை.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். நான்காம் வகுப்பு, டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்தை வாசிப்பதில் சிரமம் உள்ள பிள்ளை. கணக்குத் தாளில் ஒரு தோட்டம்: நீளம் 12 அடி, அகலம் 6 அடி, சுற்றிலும் வேலி போட எத்தனை அடி வேண்டும்? ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரலை வைத்து வாசிக்கிறான். வரியின் கடைசிக்கு வரும்போது ஆரம்பம் மறந்துவிடுகிறது. திரும்பவும் முதலிலிருந்து. மூன்றாவது முறை பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். நான் கேள்வியை வாய்விட்டு வாசித்தேன். முடிப்பதற்குள் "முப்பத்தாறு" என்றான்.

நான் வாசித்திருக்காவிட்டால் அந்தத் தாள் என்ன சொல்லியிருக்கும்? இவனுக்குக் கணக்கு வராது என்று. எண்ணெயைப் பாத்திரத்தோடு தராசில் வைத்துவிட்டு மொத்தத்தையும் எண்ணெய்க் கணக்கில் எழுதுகிற மாதிரி அது. பாத்திரத்தின் எடையைக் கழித்தால்தான் எண்ணெயின் எடை தெரியும். கழிப்பதால் மற்றவர்கள் பங்கு குறைவதில்லை.

அதற்காகக் கேட்டதெல்லாம் கொடுக்கலாம் என்றும் நான் சொல்லவில்லை. கணக்குத் தேர்வில் கேள்வியை வாசித்துக் காட்டலாம். ஆனால் தானாக எழுத்தை வாசிக்கத் தெரிகிறதா என்பதையே சோதிக்கிற இடத்தில் வாசித்துக் காட்டினால், சோதிக்க வேண்டிய விஷயமே காணாமல் போய்விடும். அதனால்தான் பல மாநிலங்கள் வாசிப்புத் தேர்வில் இதற்குக் கடும் நிபந்தனை வைக்கின்றன. பெருக்கல் தெரியுமா என்று பார்க்கும் பகுதியில் கால்குலேட்டரும் அப்படித்தான். கூடுதல் நேரமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் மருந்தல்ல. கவனம் சிதறுகிற பிள்ளையை ஒன்றரை மடங்கு நேரம் நாற்காலியில் உட்கார வைப்பது சில சமயம் தண்டனையாகிவிடும். அவனுக்கு வேண்டியது சின்ன அறையும், நடுவே எழுந்து நடக்க ஐந்து நிமிடமும்.

ஒரு காலத்தில் இந்தத் தலைவலியே வேண்டாம் என்று பல பள்ளிகள் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தேர்விலிருந்தே ஒதுக்கி வைத்தன. மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக் கல்வி உரிமை என்று சட்டம் சொன்னது 1975-இல். மாநிலத் தேர்வுகளிலும் அவர்களைச் சேர்க்க வேண்டும், தேவையான அக்காமடேஷன் தர வேண்டும் என்று எழுதியது 1997 திருத்தத்தில்தான். இடையில் 22 வருடம்! பிறகு வந்த சட்டம் குறைந்தது 95 சதவீதப் பிள்ளைகள் தேர்வு எழுத வேண்டும் என்றது. இவர்களுடைய மதிப்பெண்ணைத் தனியாக எடுத்துக் காட்டவும் சொன்னது. மிகக் கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கென்று வேறு தேர்வு உண்டு. ஒரு மாநிலத்தில் ஒரு பாடத் தேர்வு எழுதுகிற மொத்த மாணவர்களில் ஒரு சதவீதத்துக்கு மேல் அந்த வழியில் போகக் கூடாது என்று 2015 சட்டம் எல்லை கட்டியது. எண்ணிக்கையில் வராத பிள்ளைக்குப் பாடம் நடத்துவதிலும் அக்கறை போய்விடும் என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

சரி, சட்டம் இருக்கிறது. நடைமுறை?

ஒரு வருடம் நடந்தது இது. ஒரு பெண் குழந்தையின் ஐ.இ.பி.யில், அதாவது அவளுக்கென்று எழுதிய கல்வித் திட்டத்தில், கணினியே கேள்வியை வாசிக்க வேண்டும் என்று தெளிவாக இருந்தது. தேர்வு அன்று ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில், அழுத்தினால் வாசித்துக் காட்டும் ஒலிபெருக்கிப் படம் வரவில்லை. தேர்வு மென்பொருளில் முன்கூட்டியே போட வேண்டிய ஒரு டிக் விட்டுப்போயிருந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றிப் பார்த்தாள், மறுபடி மாட்டினாள், ஏதோ தன் தப்பு என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டாள். நாங்கள் கவனித்தபோது பாதிக் கேள்விகள் முடிந்துவிட்டன. அவள் முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால் பெற்றோர்களே, ஐ.இ.பி.யில் மாநிலத் தேர்வு பற்றிய பக்கத்தைத் தேடி வாசியுங்கள். அங்கே எழுதியிருப்பது தினமும் வகுப்பில் நடக்கிறதா என்று கேளுங்கள். வருடம் முழுக்கத் தானே வாசித்துத் திணறிய பிள்ளைக்குத் தேர்வு அன்று காதில் ஒரு இயந்திரக் குரல் கேட்டால் அதுவே இடைஞ்சல். மாதிரித் தேர்வில் ஒருமுறை பழகிவிடட்டும். தேர்வுக்கு ஒரு வாரம் முன்னால், "கணினியில் எல்லாம் போட்டாகிவிட்டதா?" என்று ஆசிரியருக்கு ஒரு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். தொந்தரவு என்று யாரும் நினைக்க மாட்டார்கள். நான் நினைத்ததே இல்லை.

'ஸ்பெஷல் எட்' (சிறப்புக் கல்விப் பிள்ளை) என்று பெயர் விழுந்துவிடும் என்று பயந்து, சிறப்புக் கல்வி தேவையா என்று பள்ளி பார்க்கும் பரிசோதனைக்கே சம்மதிக்காத வீடுகள் நம்மிடையே நிறைய. அந்தப் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பெயர் ஏற்கெனவே விழுந்துகொண்டுதான் இருக்கிறது. 'சோம்பேறி', 'கவனமில்லை' என்று. பல சமயம் வீட்டிலேயே. பரிசோதனை வேண்டும் என்று நீங்களே எழுதிக் கேட்கலாம். தேதி போட்டு, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஐ.இ.பி. கூட்டத்தில் ஆங்கிலம் தடையாக இருந்தால், பேசுவது உங்களுக்குப் புரியும்படி மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது பள்ளியின் கடமை. செலவும் அவர்களுடையது. கூட்டத்துக்குத் தேதி சொல்லும்போதே, "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.