ஸ்மார்ட் விலகிய பிறகு வந்த சீசன்

எல்லோருக்கும் வணக்கம். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கே வருகிறேன். கனடாவின் பல்கலைக்கழக ஆண்கள் கூடைப்பந்தில் 2019–20 சீசனைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். இந்த ஆட்டத்தைத் தொடர்ந்து பார்ப்பவர்களிடம் அந்த சீசனைப் பற்றிப் பேச்செடுத்தால், "கொரோனாவுக்கு முன்னால் நடந்த கடைசி சீசன்தானே?" என்பார்கள். ஆமாம், அதுதான். ஆனால் பேச்சு அதோடு முடிந்துவிடுவது எனக்குப் பெரிய வருத்தம். வைரஸ் வருவதற்கு முன்பே, களத்திலேயே, கூடைப்பந்துக்கு உள்ளேயே அந்த வருஷம் ஒரு பெரிய காரியம் நடந்தது. அதை யாரும் சரியாகப் பேசவில்லை என்பது என் கருத்து.

இருபது வருஷம் ஒரு மனிதர் கட்டி எழுப்பிய அணி, அவர் விலகிய பிறகு வந்த முதல் வருஷமே தேசியப் பட்டத்தை ஜெயித்தது. ஒரு வரியில் சொன்னால் சின்னதாகத் தெரியும். அது எவ்வளவு கஷ்டமான விஷயம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒட்டாவா நகரத்தில் கார்ல்டன் என்று ஒரு பல்கலைக்கழகம். அணியின் பெயர் ரேவன்ஸ். 1999இல் டேவ் ஸ்மார்ட் அங்கே தலைமை கோச் ஆனார். அதற்கு முன்னால் அந்த அணி தேசியப் பட்டம் ஜெயித்ததே இல்லை. 2003இல் முதல் பட்டம். அப்புறம் 2004, 2005, 2006, 2007 என்று வரிசையாக ஐந்து. ஒஸ்வால்டோ ஜான்டி என்ற ஆட்டக்காரர் அங்கே ஐந்து வருஷம் ஆடினார், ஐந்து வருஷமும் பட்டம் வாங்கினார், தேசியப் பட்டம் இல்லாத ஒரு சீசனைக்கூட அவர் பார்க்கவில்லை. 2008இல் தவறியது, 2009இல் திரும்பக் கிடைத்தது, 2010இல் மறுபடி தவறியது. 2011 முதல் 2017 வரை தொடர்ந்து ஏழு. அந்த ஏழில் ஒரு சீசன், 2015–16, ஸ்மார்ட் விடுப்பில் போயிருந்தார், உதவி கோச் ராப் ஸ்மார்ட் பொறுப்பைப் பார்த்துக்கொண்டார். மற்றதெல்லாம் டேவ் ஸ்மார்ட்டின் கணக்கு.

நண்பர்களே, இவர்கள் ஏதோ சின்னக் குளத்தின் பெரிய மீன் என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் ஆகஸ்ட் மாதங்களில் கனடாவுக்குச் சுற்றுப்பயணம் வருவதுண்டு. 2013 ஆகஸ்டில் விஸ்கான்சின் வந்தது, கார்ல்டன் அவர்களை 95–82 என்று தோற்கடித்தது. அதே விஸ்கான்சின்தான் அடுத்த வசந்தத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் தேசியப் போட்டியில் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக நின்றது. அதே ஆகஸ்டில் சிரக்யூஸ் வந்து, கூடுதல் நேரம் வரை இழுபட்டு, 69–65 என்று தப்பித்துப் போனது. கனடாவின் உயர்ந்த திறமைசாலிகளில் பெரும்பாலோர் பள்ளி முடித்ததும் தெற்கே, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்குப் போய்விடுகிறார்கள். ஆண்ட்ரூ விக்கின்ஸ் கான்சாஸ் போனார், ஜமால் மரே கென்டக்கி போனார், ஆர்.ஜே. பாரெட் டியூக் போனார். அங்கே முழு உதவித்தொகை, தங்குமிடம், சாப்பாடு, தொலைக்காட்சி வெளிச்சம் எல்லாம் கிடைக்கிறது. கனடாவில் விளையாட்டுக்காகத் தரும் பணம் படிப்புக் கட்டணத்தைத் தாண்டக்கூடாது என்று விதி. அப்படி மிச்சமிருந்த பையன்களை வைத்துத்தான் விஸ்கான்சினைத் தோற்கடித்திருக்கிறார்கள்.

எப்படி என்று கேட்டால், பொறுமை, அப்புறம் டிஃபென்ஸ். கனடாவில் ஒரு மாணவருக்கு ஐந்து சீசன் ஆட அனுமதி உண்டு. முதல் வருஷம் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கும் பையன், நாலாவது வருஷம் அணியைத் தாங்கும் ஆளாக மாறுகிறான். அங்கே சர்வதேச விதிப்படி ஆட்டம், பத்து நிமிடக் குவார்ட்டர் நான்கு, பந்து கையில் வந்தால் 24 விநாடிக்குள் ஷாட் போயாக வேண்டும். கார்ல்டனின் நல்ல நாள் ஒன்றில் எதிரணியின் 24 விநாடியைக் கவனித்துப் பாருங்கள். முதல் ஏழெட்டு விநாடி பந்தைக் கொண்டுவரவே போய்விடும், ஏனென்றால் ஒருவன் மார்புக்கு நேரே நிற்கிறான். அடுத்த பாஸ் போக வேண்டிய இடத்தில் ஒரு கை ஏற்கெனவே நீண்டிருக்கிறது. உள்ளே புகுந்தால் பக்கத்து ஆள் ஒரு அடி நகர்ந்து வழியை அடைக்கிறான், பந்து வெளியே போனதும் அதே ஒரு அடி திரும்பி வந்துவிடுகிறான். பலகைக்கு மேலே கடிகாரம் நாலு, மூணு என்று இறங்கும்போது யாரோ ஒருவன் சமநிலை இல்லாமல் எறிகிறான். கூடையில் விழாமல் திரும்பும் அந்தப் பந்தையும், அதாவது ரீபவுண்டையும், கார்ல்டன்காரன் எடுக்கிறான். இதையே நாற்பது நிமிடம் செய்கிறார்கள். பார்ப்பதற்கு ஆடம்பரமே இருக்காது, ஆனால் எனக்கு இதைவிட அழகான கூடைப்பந்து கிடையாது.

சரி, 2018க்கு வருவோம். எட்டாவது தொடர் பட்டம் கிடைக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஹாலிஃபாக்ஸில் அரையிறுதியில் டொரண்டோவின் ரையர்சன் அணி கார்ல்டனை வீழ்த்தியது. இறுதியில் அந்த ரையர்சனை கால்கரி டைனோஸ் 79–77 என்று வென்று தன் முதல் பட்டத்தை எடுத்தது. அதே மார்ச்சில் ரெஜைனாவில் இன்னொரு காரியம் நடந்தது. கார்ல்டனின் பெண்கள் அணி தன் முதல் தேசியப் பட்டத்தை ஜெயித்தது. அந்தப் பெண்கள் அணியின் கோச் டாஃப் சார்ல்ஸ். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2019இல் ஸ்மார்ட்டின் ஆட்கள் திரும்ப வந்தார்கள். நடப்புச் சாம்பியன் கால்கரியை, அதே ஹாலிஃபாக்ஸில், இறுதி ஆட்டத்தில் 83–49. ஒரு தேசிய இறுதியில் 34 புள்ளி வித்தியாசம்! தலைமை கோச்சாக ஸ்மார்ட்டுக்கு அது பதிமூன்றாவது பட்டம். அதோடு அவர் பெஞ்சை விட்டு எழுந்து, அதே பல்கலைக்கழகத்திலேயே கூடைப்பந்து முழுவதையும் மேற்பார்வை பார்க்கும் பொறுப்புக்குப் போனார். ஆண்கள் அணி யார் கைக்குப் போனது? டாஃப் சார்ல்ஸ் கைக்கு.

இங்கேதான் நான் கொஞ்சம் நிதானமாகப் பேச விரும்புகிறேன். பெரிய கோச் போன பிறகு ஒரு அணி என்ன ஆகும் என்பதற்குக் கனடாவிலேயே உதாரணங்கள் இருக்கின்றன. விக்டோரியா பல்கலைக்கழகம் கென் ஷீல்ட்ஸ் தலைமையில் 1980 முதல் 1986 வரை தொடர்ந்து ஏழு பட்டம் ஜெயித்தது. அவர் போன பிறகு 1997இல் ஒன்று. அதற்கடுத்த பட்டம் 2025இல்தான் வந்தது. மானிடோபா மாகாணத்தில் பிராண்டன் என்ற சின்ன ஊரின் பல்கலைக்கழகம், ஜெர்ரி ஹெமிங்ஸ் கோச்சாக இருந்தபோது 1987, 88, 89இல் மூன்று, 1996இல் ஒன்று என்று நான்கு முறை ஜெயித்தது. அவருக்குப் பிறகு இன்றுவரை ஒன்றுகூட இல்லை. யாரையும் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு மனிதரின் தலைக்குள் இருக்கும் ஆட்டம் அவரோடேயே போய்விடுவதுதான் வழக்கம்.

அப்படிப்பட்ட நாற்காலியில் சார்ல்ஸ் உட்கார்ந்தார். தன் மாணவப் பருவத்தில் கார்ல்டனுக்காக ஆடியவர், பிறகு பன்னிரண்டு வருஷம் அதே கட்டடத்தில் பெண்கள் அணியை நடத்தியவர். பெண்கள் அணியின் கோச் ஆண்கள் அணிக்கு வருவதைச் சிலர் ஏதோ பதவி உயர்வு போலப் பேசுவார்கள், அது எனக்குப் பிடிக்காத பேச்சு. பெண்கள் கூடைப்பந்தில் தேசியப் பட்டம் ஜெயிப்பதும் அதே அளவு கஷ்டம்தான். பந்தைத் தடுக்கும் கோணம் மாறாது, பக்கத்து ஆள் நகர வேண்டிய அந்த ஒரு அடியும் மாறாது. என்னைக் கேட்டால், வெளியிலிருந்து பெரிய பெயர் ஒன்றைத் தேடிப் போகாமல், பக்கத்திலேயே பெண்கள் அணிக்குப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டதுதான் அந்த சீசனின் மிகச் சிறந்த முடிவு. அது அந்த சீசனின் முதல் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே நடந்துவிட்டது.

நாட்டின் மனநிலையையும் சொல்ல வேண்டும். 2019 ஜூனில் டொரண்டோ ராப்டர்ஸ் அணி, என்.பி.ஏ. என்ற வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் பட்டத்தை ஜெயித்திருந்தது. அந்த ஜூனிலேயே, என்.பி.ஏ. அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் பாரெட் மூன்றாவது ஆளாக எடுக்கப்பட்டார். மே மாதம் கனடாவுக்கென்றே ஒரு கோடைகாலத் தொழில்முறை லீக் தொடங்கியிருந்தது, அதில் பல்கலைக்கழக மாணவர்களுக்கென்று தனி இடமும் ஒதுக்கியிருந்தார்கள். ஐஸ் ஹாக்கி தேசம் என்று பெயர் வாங்கிய ஊரில் பையன்கள் தெருவில் கூடைப்பந்து தட்டிக்கொண்டிருந்த வருஷம் அது. அந்தச் சூட்டில்தான் இலையுதிர்காலத்தில் சீசன் தொடங்கியது.

கார்ல்டனில் அந்த வருஷம் லாயிட் பாண்டி என்று ஒரு முதலாமாண்டுப் பையன் வந்தான். சீசன் முடிவில் நாட்டின் சிறந்த புதுமுகம் என்ற விருது அவனுக்குத்தான். வழக்கமாகப் புதுப் பையன்களைக் காத்திருக்க வைக்கும் அணியில் ஒருவன் முதல் வருஷமே இப்படி ஆடினான் என்றால், அவனை நம்பி இறக்கிய கோச்சுக்கும் அதில் பங்கு உண்டு.

தேசியப் போட்டி அந்த மார்ச்சில் ஒட்டாவாவிலேயே நடந்தது. எட்டு அணி, தோற்றால் பட்டக் கனவு முடிந்தது, மூன்று ஆட்டம் ஜெயித்தால் கோப்பை. இடம் டி.டி. பிளேஸ் அரங்கம். விசித்திரமான கட்டடம் அது. ஃபுட்பால் மைதானத்தின் வடக்குப் பக்கக் கேலரி இருக்கிறதே, அதற்குக் கீழே இந்த உள்ளரங்கம் இருக்கிறது, தலைக்கு மேலே கேலரி சரிந்து இறங்கும். 1967இல் ஐஸ் ஹாக்கிக்காகக் கட்டியது. ரிடோ கால்வாய்க் கரையில் இருக்கிறது. கார்ல்டன் வளாகமும் அதே கால்வாயைத் தொட்டபடி கொஞ்ச தூரத்தில்தான். பெண்கள் தேசியப் போட்டியும் அந்த வாரம் அதே ஊரில் நடந்தது, சஸ்காச்சுவான் ஜெயித்தது.

சொந்த ஊரில் ஆடுவது லாபம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கார்ல்டனுக்கு அது எல்லா முறையும் லாபமாக இருந்துவிடவில்லை. 2008இல் ஆறாவது தொடர் பட்டத்துக்காக ஒட்டாவாவில் ஆடியபோது, அரையிறுதியில் நோவா ஸ்கோஷியாவின் அகேடியா அணி இரண்டு கூடுதல் நேரம் வரை இழுத்து 82–80 என்று ஊர் ஜனத்தின் முன்னாலேயே அவர்களை வெளியே அனுப்பியது. 2010இலும் ஒட்டாவாவில்தான் தோற்றார்கள். ஆகவே 2020 மார்ச்சில் சார்ல்ஸின் தலையில் இரண்டு பாரம், ஸ்மார்ட்டின் பெயர் ஒன்று, சொந்த ஊர் ஒன்று.

மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை, இறுதி ஆட்டம். எதிரே ஹாலிஃபாக்ஸின் டல்ஹௌசி அணி. இந்தக் கோப்பையை ஒருமுறைகூடத் தூக்காத பல்கலைக்கழகம் அது. கார்ல்டன் 74, டல்ஹௌசி 65. முந்தைய வருஷத்து 34 புள்ளியோடு ஒப்பிட்டு, "ஒன்பதுதானே" என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அந்த ஒன்பதுதான் உசத்தி. 34 புள்ளி வித்தியாசத்தில் கோச் செய்ய ஒன்றும் இருக்காது, யாரை எப்போது உட்கார வைப்பது என்பதோடு வேலை முடிந்துவிடும். இறுதி ஆட்டத்தில் ஒற்றை இலக்க வித்தியாசம் என்றால் கடைசி வரைக்கும் ஒவ்வொரு டைம்அவுட்டும் கனமானது, ஒவ்வொரு ஆள் மாற்றமும் கேள்விக்குரியது, பெஞ்சில் இருப்பவர் நிஜமாகவே கோச்சாக இருந்தாக வேண்டும். கார்ல்டனுக்கு அது பதினைந்தாவது பட்டம், பதினெட்டு வருஷத்தில்.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். மார்ச் 11, புதன்கிழமை, உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தார்கள், அன்று இரவே என்.பி.ஏ. நின்றது. மறுநாள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மார்ச் போட்டி முழுவதும் ரத்து. கனடாவில் ஹாலிஃபாக்ஸில் பல்கலைக்கழக ஆண்கள் ஹாக்கியின் தேசியப் போட்டி தொடங்கிய நிலையிலேயே நிறுத்தப்பட்டது. ஒரு வாரம் தள்ளி அட்டவணை போட்டிருந்தால் கூடைப்பந்துக்கும் அதே கதிதான். அந்த வருஷம் அமெரிக்காவில் ஆண்கள் சாம்பியனே கிடையாது, கனடாவில் உண்டு.

அந்த ஞாயிற்றுக்கிழமை எத்தனையோ ஐந்தாமாண்டு மாணவர்களுக்குக் கடைசி ஆட்டம். அது இயல்பாக வந்த கடைசி. அடுத்த வருஷம் ஐந்தாவது சீசனுக்காகக் காத்திருந்தவர்கள் நிலைதான் பாவம். 2020–21 தேசியப் போட்டி நடக்கவே இல்லை. அந்த வருஷத்தை ஐந்து சீசன் அனுமதிக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று சொன்னார்கள், நியாயமான முடிவு. ஆனால் படிப்பை முடித்து, வேலை கிடைத்து, வீட்டு வாடகை கட்ட வேண்டிய பையன் இன்னொரு வருஷம் ஆட்டத்துக்காகவே உட்கார்ந்திருக்க முடியுமா? பலரால் முடிந்திருக்காது. அவர்களைப் பற்றி எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி இருக்காது என்பது எனக்கு இன்றும் உறுத்தலாகவே இருக்கிறது.

தேசியப் போட்டி அடுத்து நடந்தது 2022 வசந்தத்தில், எட்மன்டனில். இரண்டு வருஷ இடைவெளிக்குப் பிறகும் கார்ல்டன்தான், இறுதியில் சஸ்காச்சுவானை 85–72 என்று ஜெயித்தார்கள். 2020இன் புதுமுகம் பாண்டி அந்த வருஷம் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர். 2023இல் ஹாலிஃபாக்ஸில் கூடுதல் நேரம் வரை போன இறுதி ஆட்டத்தில் செயின்ட் பிரான்சிஸ் சேவியர் அணியை 109–104 என்று வென்றதோடு கார்ல்டனுக்குப் பதினேழு பட்டம், அதில் மூன்று சார்ல்ஸ் தலைமை கோச்சாக இருந்து வாங்கியவை. இவ்வளவுக்கும் பிறகு கார்ல்டன் என்றால் ஸ்மார்ட் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஸ்மார்ட்டின் பெருமையை நான் ஒரு இம்மிகூடக் குறைக்கவில்லை. ஆனால் அவர் கட்டியதை, அவர் இல்லாத பெஞ்சிலிருந்து, சொந்த ஊரில், ஒன்பது புள்ளி இறுதி ஆட்டத்தில் காப்பாற்றியவர் பெயர் டாஃப் சார்ல்ஸ். அடுத்த முறை இந்த அணியைப் பற்றி யாராவது பேசினால், நீங்கள் அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.