சொன்னதையே சொல்வது

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த உரையை நேற்று இரவு வீட்டில் ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "இதைத்தான் முன்னாடியே சொல்லிட்டீங்களே?" என்றார். சரி என்று இரண்டு வரிகளை அடித்தேன். அடித்த பிறகு ஒரு சந்தேகம் வந்தது. நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை நன்னூல் என்ற இலக்கண நூல் வரிசைப்படுத்துகிறது. அதில் ஒன்று 'கூறியது கூறல்'. அப்படியானால் தாலாட்டு, ஒப்பாரி, வில்லுப்பாட்டு எல்லாமே குற்றப் பட்டியலில் சேர்ந்துவிடுமே?

நன்னூலார் சொன்னது படிக்கிற நூலைப் பற்றி. புரியாவிட்டால் ஏட்டைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம். காதால் கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. வானொலியில் செய்தி முடியும்போது தலைப்புச் செய்திகளை மறுபடி வாசிப்பது அதனால்தான்.

தாலாட்டைப் பாருங்கள். "மாமன் அடிச்சானோ மல்லிகைப்பூச் செண்டாலே, அத்தை அடிச்சாளோ அரளிப்பூச் செண்டாலே." அச்சு ஒன்றுதான். உறவும் பூவும் மட்டும் மாறுகின்றன. குழந்தை தூங்க வேண்டும், அதனால் அடுத்த வரியில் திடுக்கிடும்படி எதுவும் வரக்கூடாது. ஒன்றைக் கவனித்தீர்களா? பாடுகிறவளின் அண்ணனுக்கு மல்லிகை, நாத்தனாருக்கு அரளி. மோனைக்காக வந்தது என்று புலவர்கள் சொல்வார்கள். நாத்தனார்கள் ஒப்புக்கொள்வார்களா தெரியாது.

இதே உத்தி புறநானூற்றில் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். 112ஆம் பாட்டு, பாரி மகளிர் பாடியது. மூவேந்தரால் தந்தை பாரியையும் அவன் ஆண்ட பறம்பு மலையையும் இழந்த பெண்கள் அவர்கள். மொத்தம் ஐந்தே அடி.

"அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்
எந்தையும் உடையேம், எம் குன்றும் பிறர் கொளார்.
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவில்
வென்று எறி முரசின் வேந்தர் எம்
குன்றும் கொண்டார், யாம் எந்தையும் இலமே."

'அற்றை' 'இற்றை' ஆகிறது, 'அவ்' 'இவ்' ஆகிறது. நிலவு அப்படியே இருக்கிறது. இன்னொன்றும் நடக்கிறது, அது கண்ணில் சட்டென்று படாது. போன மாதத்தைச் சொல்லும்போது முதலில் அப்பா, அப்புறம் மலை. இந்த மாதத்துக்கு வரும்போது வரிசை புரண்டுவிடுகிறது. மலை போனதை முதலில் சொல்லிவிட்டு, அப்பா இல்லை என்பதைக் கடைசியில் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு பாட்டில் ஒரு சொல்கூட இல்லை. அழுகிறோம் என்று எங்கும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து தமிழில் இவ்வளவு சிக்கனமான ஒப்பாரி வேறு இல்லை.

சிக்கனமே இல்லாத ஒப்பாரி ஒன்றும் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் ஊர்சூழ் வரி. வெட்டுண்டு கிடக்கும் கோவலனைப் பார்த்துவிட்டுக் கண்ணகி கேட்கிறாள்: "பெண்டிரும் உண்டுகொல், பெண்டிரும் உண்டுகொல்? கொண்ட கொழுநர் உறுகுறை தாங்குறூஉம் பெண்டிரும் உண்டுகொல், பெண்டிரும் உண்டுகொல்?" இந்த ஊரில் பெண்கள் இருக்கிறார்களா? அடுத்து, சான்றோர் இருக்கிறார்களா? அதற்கும் அடுத்து, தெய்வம் இருக்கிறதா? ஒவ்வொரு கேள்வியும் நான்கு தடவை. எண்ணிப் பாருங்கள், 'உண்டுகொல்' 12 தடவை வருகிறது. மாரில் அடித்துக்கொண்டு அழுகிறவர்களின் தாளம் அது. சாவு வீட்டில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த காதையிலேயே அதே கண்ணகி அரசவையில் நிற்கிறாள். அங்கே ஒப்பாரி இல்லை, வழக்கு. "தேரா மன்னா, செப்புவது உடையேன்" என்று தொடங்குகிறாள். தெருவில் அலறிய வாயில் இப்போது ஒரு சொல் மிகையாக வருவதில்லை. ஆனால் இளங்கோ அந்த உத்தியை முழுக்க விட்டுவிடவும் இல்லை. "என் கால் பொற்சிலம்பு மணியுடை அரியே" என்கிறாள் கண்ணகி. "யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே" என்கிறான் பாண்டியன். அரி என்பது சிலம்புக்குள் கிடக்கும் பரல். ஒரே வாக்கியத்தின் அச்சு, 'மணி' இருந்த இடத்தில் 'முத்து'. அந்த ஒரு சொல் மாற்றத்தில்தான் வழக்கே நிற்கிறது. தாலாட்டில் மல்லிகை அரளியாக மாறிய அதே வித்தை, இங்கே ஓர் அரசனின் உயிரை வாங்குகிறது.

குறளில் "துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி" என்று வரும்போது பள்ளிப் பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்தவன்தான். ஏழு சீரில் ஐந்து சீர் 'துப்பு'. உண்பவருக்கு உணவை விளைவிப்பதும் மழை, தண்ணீராகித் தானே உணவாவதும் மழை. காதுக்கு இனிமை, ஆனால் பக்கத்தில் பொருள் சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும்.

உரைநடைக்கு வந்தால் நிலைமை வேறு. அச்சில் ஒரே வாக்கியம் மூன்று முறை வந்தால் வாசகர் பக்கத்தைத் தள்ளிவிடுவார். அதனால் நல்ல சிறுகதைக்காரர்கள் சொல்லை விட்டுவிட்டுப் பொருளைத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். கி. ராஜநாராயணனின் 'கதவு' அப்படித்தான். கதை தொடங்கும்போது அது பிள்ளைகள் ஏறி ஆடும் விளையாட்டுச் சாமான். தீர்வை பாக்கிக்காகத் தலையாரி அதைக் கழற்றிக்கொண்டு போனதும், வீட்டுக்குள் வாடைக் காற்று வந்துவிடுகிறது, கைக்குழந்தை போய்விடுகிறது. கடைசியில் வேறோர் இடத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் அதே கதவைப் பிள்ளைகள் கண்டுபிடித்துக் கட்டிக்கொள்கிறார்கள். ஏறி ஆடிய அதே கைகள்தான். இப்போது அந்தப் பிடியைப் படிக்கிறவரால் தாங்க முடிவதில்லை.

நேற்று அடித்த இரண்டு வரிகளில் ஒன்றைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். இன்னொன்று அடிபட்டதாகவே இருக்கட்டும். அதில் என் மனைவி சொன்னதுதான் சரி.

நன்றி, வணக்கம்.