இந்த வீடு நமக்கு ஆகிவரவில்லையா?

[காட்சி: காலி செய்யப்பட்ட வாடகை வீட்டின் நிலைவாசல். வாடிய மாவிலைத் தோரணம், நூலில் காய்ந்து சுருங்கிய எலுமிச்சம்பழம்.]

வணக்கம்.

"இந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து ஒன்றுமே சரியில்லை" என்று ஒருமுறையாவது சொல்லாத குடும்பம் நம்மிடையே அரிது. ராசியில்லாத வீடு, ஆகிவராத மனை, கால் வைத்த நேரம் சரியில்லை என்று இதற்கு நம்மிடம் பல சொற்கள் உண்டு. இப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் மருத்துவமனை ரசீதையும் அடகுக்கடைச் சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்பதால், இதை மூடநம்பிக்கை என்ற ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது, எந்த இடத்தில் அது தவறிப்போகிறது, எந்த இடத்தில் அது உண்மையாகவே ஓர் எச்சரிக்கையாக இருக்கிறது என்பதை இந்த வீடியோவில் பார்க்கலாம்.

எங்கள் குடும்பத்திலும் இது நடந்தது. ஓர் ஆவணி மாதத்தில் பால் காய்ச்சிக் குடியேறிய தரைத்தள வாடகை வீட்டில், தை பிறப்பதற்குள் அப்பா சர்க்கரை ஏறி ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்தார்; அண்ணன் வண்டியிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டது பெரிய செலவாயிற்று; தம்பிக்கு இளைப்பு வந்து, பல இரவுகள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினான். கார்த்திகை தீபத்தன்று ஏற்றிய அகல் ஒன்று கைநழுவி உடைந்தபோது அம்மா, "இந்த வீடு நமக்கு ஆகிவரலைப்பா" என்று சொன்னார். அன்றிலிருந்து குழாய் ஒழுகினாலும், பால் திரிந்தாலும், அது அந்த வீட்டின் குணமாகவே எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது.

[காட்சி: நூறு வீடுகள் கொண்ட ஒரு தெருவின் வரைபடம். ஏழு வீடுகள் மட்டும் நிறம் மாறுகின்றன.]

முதலில் ஒரு கணக்கு. நோய், விபத்து, வேலை இழப்பு, திருட்டு, கடன் நெருக்கடி, நெருங்கியவரின் மறைவு என்று ஒரு குடும்பத்துக்கு நேரக்கூடிய பத்து வகை இன்னல்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் சராசரியாகப் பத்தாண்டுக்கு ஒருமுறை வரக்கூடியது என்றும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதது என்றும் வைத்துக்கொண்டால், ஓராண்டில் ஓர் இன்னலும் நேராத குடும்பங்கள் 100-க்கு ஏறத்தாழ 35 மட்டுமே. ஒரே ஆண்டில் மூன்றோ அதற்கு மேலோ சந்திக்கும் குடும்பங்கள் 100-க்கு 7. மூன்று ஆண்டுகள் குடியிருந்தால், அவற்றுள் ஏதாவது ஓர் ஆண்டிலாவது அப்படி அடிமேல் அடி வாங்கும் குடும்பங்கள் 100-க்கு 20-ஐ நெருங்குகின்றன. இத்தனைக்கும் அந்தத் தெருவில் எந்த மனைக்கும் எந்தத் தோஷமும் இல்லை என்று வைத்துத்தான் இந்தக் கணக்கைப் போட்டோம். வாழ்க்கையிலோ இன்னல்கள் தனித்தனியே வருவதில்லை. வேலை போனால் நகை அடகுக்குப் போகிறது, அந்தக் கவலையில் இரத்த அழுத்தம் ஏறுகிறது, மருந்துச் செலவுக்கு மறுபடியும் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. "பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும்" என்று நம் முன்னோர் சொன்னது இந்தச் சங்கிலியைப் பார்த்துத்தான் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது, நாம் வீடு மாறும் வேளை. கையில் மிச்சம் வைத்துக்கொண்டு, மனம் நிறைந்து, காரணமே இல்லாமல் எவரும் வீடு மாறுவதில்லை. வேலை மாற்றம், திருமணம், பாகப்பிரிவினை, வாடகை ஏற்றம், ஊரில் தனியாக இருக்க முடியாத பெற்றோரை அழைத்து வந்து வைத்துக்கொள்வது என்று, குடும்பம் ஏற்கெனவே அசைந்துகொண்டிருக்கும் நேரத்தில்தான் சாமான் வண்டி வாசலில் வந்து நிற்கிறது. சொந்த வீடு என்றால் இன்னும் கூடுதல். "வீட்டைக் கட்டிப் பார்" என்பது சும்மா வந்த பழமொழி அல்ல. சேமிப்பு முழுவதையும் கரைத்து, மாதத் தவணையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, ஐம்பதை ஒட்டிய வயதில் ஒருவர் கிரகப்பிரவேசம் செய்யும்போது அவருடைய பெற்றோர் எழுபத்தைந்தை ஒட்டியிருப்பார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அந்த வீட்டில் ஒரு சாவு நேர்ந்தால், அது வயது கொண்டுவந்த சாவா, வாசற்படி கொண்டுவந்த சாவா?

இடத்தோடு அச்சம் ஒட்டிக்கொள்வதற்கு உடலிலேயே ஒரு வழி இருக்கிறது. 1992-இல் அமெரிக்காவில் வெளியான இரண்டு ஆய்வுகளில், ஒரு பெட்டிக்குள் வைத்து ஒலியோடு சேர்த்து மின்னதிர்ச்சி தரப்பட்ட எலிகள், பின்னர் அதிர்ச்சியும் ஒலியும் இல்லாமல் வெறுமனே அதே பெட்டிக்குள் விடப்பட்டபோதும் அசையாமல் உறைந்து நின்றன. இடத்தை நினைவில் வைத்துக்கொள்ள உதவும் ஹிப்போகேம்பஸ் என்னும் மூளைப்பகுதி சேதப்படுத்தப்பட்ட எலிகளுக்கோ, ஒலியின் மீதான அச்சம் நீடித்தபோதும், பெட்டியின் மீதான அச்சம் பெரிதும் இல்லாமற்போனது. நள்ளிரவில் மரணச் செய்தி வந்த கூடத்துக்குள் நுழையும்போது நம் வயிறு பிசைவதற்கும் ஏறத்தாழ இதே வழிதான் காரணம். அந்தக் கூடம் எதையும் செய்யவில்லை. ஆனால் நம் உடல் அந்த இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டுவிட்டது.

"வீடு மாறினோம், எல்லாம் சரியாகிவிட்டது" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் நாம் வீடு மாறுவதும் பரிகாரம் செய்வதும் நிலைமை மிக மோசமாக இருக்கும் நேரத்தில்தான். மிக மோசமான நிலைக்குப் பிறகு வருவது பெரும்பாலும் அதைவிடச் சற்று நல்ல நிலையாகவே இருக்கும். உச்சத்தைத் தொட்டவை சராசரியை நோக்கித் திரும்பும் இந்த இயல்பை, பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் ஒப்பிட்டு, பிரான்சிஸ் கால்டன் 1886-இலேயே விளக்கினார். ஆக, சமையலறையை இடித்து அக்னி மூலைக்கு மாற்றிய குடும்பத்துக்கு வரும் நிம்மதியில், இடிக்காமலேயே வந்திருக்கக்கூடிய நிம்மதி எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது. பால் காய்ச்சுவதிலோ விளக்கேற்றுவதிலோ எனக்கு எந்த மறுப்பும் இல்லை, அவை மனத்துக்கு ஒரு பிடிமானம். ஏற்கெனவே கடனில் இருக்கும் ஒருவரிடம் படிக்கட்டைத் திருப்பிக் கட்டச் சொல்லி, அதற்காக இன்னொரு கடனை வாங்க வைப்பதுதான் எனக்கு வேதனையாக இருக்கிறது.

[காட்சி: எரிவாயு விளக்கு எரியும் ஒரு பழைய மாளிகையின் கூடம். தடித்த கம்பளம், வாடிய தொட்டிச்செடிகள்.]

இதுவரை பார்த்தது பாதிதான். வீடு உண்மையாகவே ஆளைப் படுத்தும் வேளைகள் உண்டு. அமெரிக்கக் கண் மருத்துவரான வில்லியம் வில்மர், 1921-இல் ஒரு மருத்துவ இதழில் ஒரு குடும்பத்தின் கதையைப் பதிவு செய்தார். 1912 நவம்பரில் ஒரு பெரிய பழைய வீட்டுக்குக் குடிபோன அந்தக் குடும்பத்தினருக்குச் சில நாள்களிலேயே இனம்புரியாத மனச்சோர்வு வந்தது. குழந்தைகள் வெளிறிப்போனார்கள், தலைவலி விடவில்லை, தொட்டியில் வைத்த செடிகள் பட்டுப்போயின. இரவில் யாரோ நடக்கும் ஓசை கேட்டது. யாரோ பின்தொடர்வதுபோல் இருந்தது. கடைசியில், இதேபோல் ஒரு குடும்பம் வாயுவால் நஞ்சேறிய செய்தியைப் படித்திருந்த உறவினர் ஒருவர் கொடுத்த துப்பின்பேரில் வீட்டைச் சூடாக்கும் கணப்பு உலையைச் சோதித்தபோது, புகை புகைபோக்கி வழியே மேலே போகாமல் வீட்டுக்குள்ளேயே கொட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது. அதிலிருந்த கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். அந்த வீட்டில் ஏதோ இருக்கிறது என்று அவர்கள் உணர்ந்தது சரி. அது இன்னதென்று ஊகித்ததில்தான் பிசகு.

இதைவிடக் கொடிய கதை துருக்கியின் கப்படோசியாப் பகுதியில் நடந்தது. கராயின், துஸ்கோய், சாரிஹிதிர் என்னும் மூன்று சிற்றூர்களில் நுரையீரல் உறையைத் தாக்கும் ஓர் அரிய புற்றுநோய் தலைமுறை தலைமுறையாக உயிர்களை வாங்கியது. இறப்புகளில் ஏறத்தாழப் பாதிக்கு அதுவே காரணமாக இருந்தது. 1970-களில் மருத்துவர் இஸ்ஸெத்தின் பாரிஷும் அவருடைய குழுவினரும் அங்கே சென்று தேடியபோது, வீடு கட்டப் பயன்பட்ட உள்ளூர்க் கல்லிலும் மண்ணிலும் இருந்த எரியோனைட் என்னும் நார்போன்ற கனிமத்தின் மீது சந்தேகம் விழுந்தது. சில குடும்பங்களில் நோய் மிகுந்திருப்பதற்குப் பரம்பரைக் கூறும் பங்களிக்கிறதா என்று பின்னாளில் ஆராயப்பட்டது. ஊரை விட்டுப் போக வேண்டும் என்ற முடிவு அங்கே சரியான முடிவாகவே இருந்தது.

ஆகவே நம் வீடு நமக்கு ஆகிவரவில்லை என்று தோன்றினால், முதலில் அந்த வீட்டையே உற்றுப் பார்க்க வேண்டும். பீரோவை நகர்த்தி அதன் பின்சுவரைப் பாருங்கள். தரையிலிருந்து ஓதம் ஏறி, சுண்ணாம்பு பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்து, அதற்கு மேல் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா? ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் இளைப்பும் மூச்சுக்குழல் தொல்லைகளும் கூடுதலாக வருகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் காய்ச்சலில் படுத்தால், பூசணிக்காய் கட்டுவதற்கு முன் தரைத்தொட்டியின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். டெங்குவைப் பரப்பும் கொசு அதுபோன்ற இடங்களில்தான் முட்டையிடும், பிறந்த இடத்தைவிட்டு அதிகத் தொலைவு பறந்தும் போகாது. அரை கிரவுண்டு மனை என்றால் 30 அடிக்கு 40 அடி. அதில் ஈசானிய மூலையில் ஆழ்துளைக் கிணறும் வாயு மூலையில் கழிவுத்தொட்டியும் வைத்தால், சாஸ்திரப்படி சரியாக இருக்கலாம், ஆனால் இரண்டுக்கும் நடுவே 40 அடிகூடக் கிடைக்காது. அந்த நீரை ஒருமுறை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பதற்கு ஆகும் செலவு, நம் ஊரில் செய்யப்படும் பல பரிகாரங்களைக் காட்டிலும் குறைவு. மின்வெட்டில் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ சன்னலை ஒட்டியோ ஓடவிட்டுத் தூங்குவதோ, வில்மர் எழுதிய அந்தக் குடும்பத்தின் நிலைக்கு நம்மை நாமே கொண்டுபோவது.

[காட்சி: தெரு முட்டும் இடத்தில், மதில் மாடத்தில் சிறு பிள்ளையார்.]

தெருக்குத்து வீட்டைப் பற்றிய அச்சத்திலும் எனக்கு ஓர் உண்மை தெரிகிறது. நேராக வந்து முட்டும் தெருவின் முனையில் இருக்கும் வீட்டுக்குள் வண்டிகளின் முகப்பு வெளிச்சம் இரவெல்லாம் பாய்கிறது, தூசி வருகிறது, சரிவு அந்தப் பக்கம் இருந்தால் மழைநீரும் வந்து சேர்கிறது, பிரேக் பிடிக்காத வண்டிக்கும் அதுவே முடிவிடம். நாம் அங்கே பிள்ளையாரை வைக்கிறோம். சீனத்திலும் ஜப்பானின் ஒகினாவாத் தீவிலும் இதே இடத்தில் எழுத்துப் பொறித்த காவல் கல்லை நடுகிறார்கள். நம்மிடமிருந்து வெகு தொலைவில் வாழும் மக்களும் அதே முனையைக் கண்டு அஞ்சியிருப்பதைப் பார்க்கும்போது, அந்த முனையில் குடியிருப்பது எங்கும் தொல்லைதான் என்று தோன்றுகிறது.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டுக்கு ராசி இல்லை என்று பேசும் நாக்கு, அடுத்து அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகளின் பக்கம் திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். "இவள் காலடி வைத்த நேரம்" என்ற பேச்சு ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதையும் கசப்பாக்கிவிடும். சுவருக்குக் காது இல்லை, அவளுக்கு இருக்கிறது. அந்தப் பேச்சை வீட்டில் இருக்கும் யாராவது ஒருவர் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

உயிர் பிரிந்த ஓர் அறையின் கதவைத் திறக்கவே முடியவில்லை என்பவர்களிடம் நான் கணக்கைக் காட்ட மாட்டேன். முடிந்தால் அவர்கள் வீடு மாறட்டும். அதற்கு எந்த நியாயமும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் எங்கே போனாலும் தூக்கம் வராமல், எதிலும் பற்றில்லாமல், எல்லாம் என்னால்தான் என்ற எண்ணமும் சேர்ந்து வாரக்கணக்கில் நீடித்தால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்து, தமிழிலேயே பேசலாம்.

[காட்சி: ஆணியில் தொங்கும் தினக்காலண்டர். கிழித்த தாள்களின் பின்புறம் பென்சில் எழுத்து.]

எங்கள் அம்மாவுக்குத் தினக்காலண்டரில் கிழித்த தாள்களைக் கம்பியில் குத்திவைத்து, அவற்றின் பின்புறத்தில் பால் கணக்கும் மருந்துச் செலவும் எழுதும் பழக்கம் இருந்தது. மாசியில் ஒருநாள் அந்தக் கட்டைப் பிரித்து நாங்கள் இருவரும் வரிசையாக அடுக்கினோம். அண்ணன் வண்டியிலிருந்து விழுந்த தாள், நாங்கள் பால் காய்ச்சிய தாளுக்குப் பதினொரு நாள் முந்தியது. அப்பாவின் சர்க்கரை மாத்திரை ஆனியிலேயே இரட்டிப்பாகியிருந்தது. ஐப்பசித் தாள் ஒன்றில் எனக்கு முதல் சம்பளம் வந்தது எழுதப்பட்டிருந்தது. அதுவும் அந்த வீட்டில்தான் வந்தது என்பதை நாங்கள் யாருமே அதுவரை நினைத்துப் பார்க்கவில்லை. தம்பியின் இளைப்பு மருந்து மட்டும்தான் உண்மையாகவே அந்த வீட்டில் தொடங்கியிருந்தது. அவன் படுக்கும் பக்கத்துச் சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறியிருந்தது. வீட்டுக்காரர் அதைச் சரிசெய்து தரவில்லை என்பதால் சித்திரையில் காலி செய்தோம்.

சாவியைக் கொடுக்கப் போனபோது, வீட்டைப் பார்க்க வந்திருந்த புதிய குடும்பத்துப் பெண் ஒருவர் அம்மாவைத் தனியே அழைத்து, "வீடு எப்படிக்கா, ராசிதானே?" என்று கேட்டார். அம்மா அவரை உள்ளே அழைத்துப் போய், அந்தச் சுவரில் கையை வைத்துக் காட்டினார். "பிள்ளையை மட்டும் இந்தப் பக்கம் படுக்க வைக்காதம்மா. பீரோவையும் சுவரை ஒட்டிப் போடாத, துணியெல்லாம் பூத்துடும்" என்றார்.