வகைக்கெழுவும் டெரிவேட்டிவும்

(பொறியியல் கல்லூரி ஒன்றில் முதலாமாண்டு மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

பிள்ளைகளே, வணக்கம். கடைசி வரிசைக்குக் கேட்கிறதா? சரி. முக்கியமாக உங்களிடம் பேசத்தான் வந்தேன், ஏனென்றால் என் முதல் வருஷம் முழுக்க நானும் அங்கேதான், சுவர் ஓரமாக, சார் கண்ணில் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

நான் அரசுப் பள்ளி, தமிழ் வழி. பிளஸ் டூ கணக்கில் 200-க்கு 187. ஊரில் அது பெரிய மார்க். கல்லூரியில் முதல் வாரம் கணக்கு வகுப்பு, சார் போர்டில் எதுவும் எழுதாமல் "டெரிவேட்டிவ், டெரிவேட்டிவ்" என்று நாலைந்து முறை சொல்லிவிட்டு "இதெல்லாம் ஸ்கூலிலேயே படிச்சிருப்பீங்க" என்று அடுத்ததற்குப் போய்விட்டார். எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். ராத்திரி ஹாஸ்டலில் புத்தகத்தைப் பிரித்தால், அட, நம்ம வகைக்கெழு! பிளஸ் ஒன்னிலேயே பக்கம் பக்கமாகப் போட்ட கணக்கு. நிம்மதி வந்திருக்க வேண்டும், ஆனால் அழுகைதான் வந்தது. தெரிந்ததே புரியவில்லை என்றால் தெரியாததை எப்படிப் படிக்கப் போகிறோம் என்ற பயம்.

மறுநாள் போய்க் கேட்டேனா? இல்லை. கேட்டால் தமிழ் மீடியம் என்று தெரிந்துவிடுமே. அங்கே ஆரம்பித்தது எல்லாம். கேட்காததால் முதல் இன்டர்னல் டெஸ்டில் மார்க் போனது, மார்க் போனதால் திருத்திய பேப்பரை வாங்கப் போகவே கூச்சம், அந்தக் கூச்சத்தில் ஒரு வகுப்பு, அப்புறம் இரண்டு வகுப்பு என்று கட் அடித்து, அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்தைத் தொடுமா என்று விரல் விட்டு எண்ணும் நிலைமை. அம்மா போன் செய்யும்போதெல்லாம் "நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேம்மா". முதல் செமஸ்டரில் எம்-ஒன், அதாவது முதல் கணக்குத் தாள், அரியர். கணக்கில் 187 வாங்கியவளுக்குக் கணக்கிலேயே அரியர்.

இரண்டாவது செமஸ்டரில் என்னை மாற்றியது என் அறைத்தோழி. சென்னைப் பெண், ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. ஒருநாள் ராத்திரி இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் பாடத்துக்குப் படம் வரையும் ஷீட்டைத் தரையில் விரித்து, கோடு போடும் டிராஃப்டரை ஓரமாகத் தள்ளிவிட்டு, "எனக்கு இந்தப் புரொஜக்ஷன் சுத்தமா புரியல, முதல்ல இருந்து சொல்லித் தா" என்று என்னிடம் கேட்டாள். எனக்குத் திகைப்பாக இருந்தது. புரியவில்லை என்பதை இவ்வளவு சாதாரணமாகச் சொல்லலாமா? சோப்பு டப்பாவை விளக்கு வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பி, முன்னால் இருந்து பார்த்தால் இது, மேலே இருந்து பார்த்தால் இது என்று காட்டினேன். அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டாள். அப்புறம் நான் மெதுவாக என் கணக்கு நோட்டை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

அன்றைக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடுவே ஒரு கோடு போட்டோம். இந்தப் பக்கம் எனக்குத் தெரிந்த சொல், அந்தப் பக்கம் வகுப்பில் சொல்லும் சொல். அணி என்றால் மேட்ரிக்ஸ். அணிக்கோவை, டிட்டர்மினன்ட். தொகையிடல், இன்டெக்ரேஷன். மின்தேக்கி, கெப்பாசிட்டர். உந்தம், மொமென்டம். பாகுநிலை, விஸ்காசிட்டி. ஒரு மாதத்தில் பட்டியல் நூறு சொல்லைக்கூடத் தாண்டவில்லை. மலை போல நினைத்துப் பயந்தது இரண்டரைப் பக்கத்தில் அடங்கிவிட்டது! அந்த செமஸ்டரிலேயே அரியரைக் கிளியர் செய்தேன்.

உங்களில் பலர் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் வந்திருப்பீர்கள். 2021-ல் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் அதை விரிவாக்கி, கட்டணத்தையும் ஹாஸ்டல் செலவையும் அரசே ஏற்றுக்கொண்டது. யாராவது "கோட்டாவா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லுங்கள், குரலைத் தாழ்த்த வேண்டாம். பன்னிரண்டு வருஷம் லேப் வசதிகூட சரியாக இல்லாத பள்ளியில் படித்துவிட்டு இந்த ஹாலில் உட்கார்ந்திருப்பவர் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை.

ராகிங் பற்றி ஒரே ஒரு விஷயம். 1996-ல் சிதம்பரத்தில் ஒரு முதலாமாண்டு மருத்துவ மாணவர் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகுதான் 1997-ல் தமிழ்நாடு ராகிங்குக்குத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. சீனியர் விளையாட்டுக்குச் செய்கிறார் என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். ராகிங் பற்றிப் புகார் சொல்ல 1800-180-5522 என்ற எண்ணை இப்போதே போனில் சேமித்துக்கொள்ளுங்கள். கூடவே 14416. அது மனநல உதவிக்கான டெலிமானஸ், தமிழிலேயே பேசலாம். தூக்கம் வராமல், மெஸ்ஸுக்குப் போகப் பிடிக்காமல், அழுகையாகவே நாலைந்து நாள் போனால் கூப்பிடுங்கள், ரொம்ப முற்றட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

முதல் ஒன்றரை மாதம் வீட்டு நினைப்பு வாட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடத் தோன்றும். போங்கள், ஆனால் எல்லா வாரமும் வேண்டாம். ஹாஸ்டலில் சிநேகிதம் ஒட்டுவதே அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான், துணி துவைக்கும் இடத்தில், டீ வாங்கப் போகும் வழியில்.

இப்போது நானும் பாடம் நடத்துகிறேன். மேடைக்கு இந்தப் பக்கம் வந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. வகுப்பில் ஒருவர் எழுந்து "மேடம், திரும்பச் சொல்லுங்க" என்றால், உடனே பத்துப் பதினைந்து பேனாக்கள் மறுபடி எழுத ஆரம்பிக்கும். அத்தனை பேருக்கும் அதே சந்தேகம் இருந்திருக்கிறது. கேட்ட பிள்ளையை மட்டம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்தப் பிள்ளையின் பெயர்தான் எனக்கு முதலில் மனப்பாடமாகும்.

மணி பன்னிரண்டரை ஆகிறது, உங்களுக்குச் சாப்பாட்டு நேரம். நான் உடனே கிளம்பவில்லை, இந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருப்பேன். கேட்க வேண்டியதைத் தமிழில் கேளுங்கள், மைக்கில் வேண்டாம் என்றால் பக்கத்தில் வந்து கேளுங்கள். அந்த நோட்டுப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வந்திருக்கிறேன், கடைசி வரிசையில் இருந்து வாங்க ஆரம்பிக்கலாம்.