மூன்று கட்டைப்பை, இரண்டு சுங்குடி நைட்டி: என் பிரசவப் பை தயார்

வணக்கம், எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? பின்னால் மோட்டார் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த நேரத்தை விட்டால் எங்கள் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது.

இன்றைக்கு எனக்கு 36 வாரம் 2 நாள். பை கட்ட இன்னும் நேரம் இருக்கிறது என்று போன வீடியோவில் சொன்னேன் அல்லவா? அதை மாற்றிக்கொள்கிறேன். நேற்று மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு கடைக்குப் போனேன். அங்கே 'பிரசவப் பை, ரெடிமேட்' என்று ஒரு பெட்டியை அடுக்கி வைத்திருந்தார்கள். விலை 3,800 ரூபாய். ஆசையாகத் திறந்து பார்த்தேன். பவுடர், பால் புட்டி, சூப்பான், தலைக்கு வைக்கிற பூ பேண்டு, கையுறை. அவ்வளவுதான்! பெற்றவளுக்கு என்று ஒரு பேட் கூட இல்லை. பால் புட்டிக்கு விளம்பரமே செய்யக் கூடாது என்று 1992-லேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அதைப் பிரசவத்துக்குப் போகிற பையில் முதல் பொருளாக வைத்து விற்றால் எனக்கு எப்படி இருக்கும்? வீட்டுக்கு வந்ததும் பரணில் இருந்த பெரியவனின் துணி மூட்டையை இறக்கச் சொல்லிவிட்டேன்.

பழைய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும், பெரியவன் பிறந்தபோது ஒரு டிராலி பெட்டி முழுக்க அடுக்கிக்கொண்டு போனேன். தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம். குழந்தை பிறந்ததும் நர்ஸ் வெளியே வந்து "துணி கொடுங்க" என்று கேட்டிருக்கிறார். என் கணவர் பெட்டியைத் திறந்தால் மேலே என் புடவை, அதன் கீழே சீப்பு, பிஸ்கட், சார்ஜர். குழந்தைத் துணி அடியில் கிடந்தது. பாவம், தரையில் எல்லாவற்றையும் கொட்டித் தேடினாராம். பையைக் கட்டுவது நாம், திறப்பது வேறு ஒருவர். அவர் பதற்றத்தில் இருப்பார். அவருக்காகத்தான் கட்ட வேண்டும்.

அதனால் இந்த முறை பெட்டியே கிடையாது. ஜவுளிக்கடையில் கொடுப்பார்களே கட்டைப்பை, அதில் மூன்று. மஞ்சள் பை பிரசவ அறைக்கு. சிவப்புப் பை வார்டுக்கு வந்த பிறகு எனக்கும் குழந்தைக்கும். நீலப் பை அம்மாவுக்கு. கட்டைப்பை வாயைத் திறந்துகொண்டு நிற்கும், உள்ளே இருப்பது அப்படியே தெரியும். எனக்கு அதைப் போலப் பிடித்த பை உலகத்தில் இல்லை.

மஞ்சள் பையில் மேலே இரண்டே துணி. ஒன்று பிறந்த உடனே குழந்தையைத் துடைக்க, இன்னொன்று போர்த்த. ஈரத்தோடு இருந்தால் பச்சைக் குழந்தை சீக்கிரம் குளிர்ந்துவிடும், அதனால்தான் இரண்டு. துடைத்த துணியிலேயே சுற்றக் கூடாது.

இந்தத் துணிதான் பையிலேயே முக்கியம், கிட்டே காட்டுகிறேன் பாருங்கள். அப்பாவின் பழைய நாலு முழ வேட்டி இரண்டு. துவைத்துத் துவைத்து வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. கரை முரடாக இருக்கும், அதை முதலில் கிழித்து எடுத்துவிட்டோம். ஒரு வேட்டிக்கு ஆறு சதுரம், மொத்தம் 12. வெந்நீரில் அலசி, நல்ல வெயிலில் காயப்போட்டு, இஸ்திரி போட்டது. வாசனைத் திரவம் எதுவும் ஊற்றவில்லை. ஓரம் பாருங்கள், மடித்துத் தைத்திருக்கிறேன். வெறுமனே கிழித்துப் போட்டால் நூல் பிரியும். அந்த நூல் குழந்தையின் கால் விரலில் சுற்றிக்கொண்டால் இறுக்கி ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடும். குழந்தை ஏன் அழுகிறது என்றே தெரியாது. தயவுசெய்து ஓரம் தையுங்கள்.

அப்புறம் நைட்டி. இதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்! ஆன்லைனில் 1,150 ரூபாய்க்கு ஒரு ஃபீடிங் நைட்டி வாங்கினேன். நடுவில் கழுத்திலிருந்து வயிறு வரை ஒரே இரும்பு ஜிப். போட்டுப் பார்த்த முதல் நாளே பாதியில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அம்மா மெழுகுவர்த்தி தேய்த்து, தேங்காய் எண்ணெய் தடவி, கடைசியில் தலை வழியாகக் கழற்றினோம். வார்டில், பசியில் கத்துகிற குழந்தையோடு இப்படி ஆகியிருந்தால்? அந்த இரும்புப் பல் குழந்தையின் கன்னத்தில் உரசும் வேறு.

எங்களுக்குத் தைக்கிற அண்ணன் முன்பு புதுமண்டபத்தில் இருந்தார், இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் இருக்கிறார். என் பழைய சுங்குடிச் சேலையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐந்தரை மீட்டரில் இரண்டு நைட்டி வந்துவிட்டது. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, நைலான் ஜிப், மேலே துணி மூடிக்கொள்ளும். ஒரு கையால் திறக்கலாம், பாருங்கள், இப்படி. தையல் கூலி ஒன்றுக்கு 150, ஜிப் ஒன்று 15. இரண்டு நைட்டிக்கும் சேர்த்து 360 ரூபாய்! ஆன்லைன் விலையில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. ஜிப்பின் நுனியில் இந்தச் சிவப்பு நாடாவைக் கட்டியது நான். கடைசியாக எந்தப் பக்கம் கொடுத்தேனோ அந்தப் பக்கம் மாற்றிக் கட்டிவிடுவேன். நடுராத்திரித் தூக்கத்தில் அது மறந்தே போகும், அனுபவம் இருக்கிறது.

சிவப்புப் பையில் மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டெலிவரி பேட் இரண்டு பாக்கெட், முதல் சில நாள் ரத்தப்போக்கு மிக அதிகமாக இருக்கும், சாதாரணப் பேட் தாங்காது. இடுப்புக்கு மேலே ஏறுகிற பருத்தி உள்ளாடை, ஆபரேஷன் ஆனால் தையலில் உரசாது. அடர்நிறத் துண்டு, ரப்பர் ஷீட், பெரியவனின் முடிச்சு வைத்த ஜப்லா நான்கு. முதல் சட்டை பழைய சட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். எனக்கும் அது பிடிக்கும், மெத்தென்று இருக்கும்.

ஐயோ, காகிதத்தை விட்டுவிட்டேன், அதுதான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். மஞ்சள் பையின் பக்கவாட்டில் ஒரு ஃபைல். தாய் சேய் நல அட்டை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஆதார், என் பெயரில் இருக்கிற வங்கிப் பாஸ்புக். அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயில் 14,000 பணமாகக் கணக்கில் வரும், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகம். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது கொடுக்கிற பிக்மி எண்ணை, அந்த 12 இலக்கத்தை, ஃபைல் அட்டையில் மார்க்கரில் பெரிதாக எழுதியிருக்கிறேன். பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது அதைக் கேட்பார்கள். பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இந்த முறை பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகிறேன். அரசு மருத்துவமனையில் பிரசவம், மருந்து, சாப்பாடு எல்லாம் இலவசம், வீட்டுக்குக் கொண்டுவந்து விட 102 வண்டியும் உண்டு. பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிப்பார்கள், அம்மா வருகிறார். அதனால்தான் நீலப் பை. பாய், போர்வை, ஒரு லிட்டர் பிளாஸ்க், டம்ளர், தட்டு, அம்மாவின் சர்க்கரை மாத்திரை, பத்து ரூபாய்ச் சில்லறை. வாளியும் மக்கும் தனி. துணைக்கு வருகிறவருக்கு யாருமே பை கட்டுவதில்லை. போன தடவை அம்மா மூன்று நாள் ஒரே சேலையில் இருந்தார். எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

ஒரு சின்னச் சண்டையையும் சொல்ல வேண்டும். காலையில் உசிலம்பட்டியிலிருந்து பெரியம்மா வந்தார். நான் குளிக்கப் போன நேரத்தில் மஞ்சள் பையில் ஒரு தேன் பாட்டிலை வைத்துவிட்டார். சேனை தொட்டு வைக்க, அதாவது பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்புத் தடவ. வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள், பெரியம்மாவுக்கு அதில் அவ்வளவு ஆசை. நான் எடுத்துவிட்டேன். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமியின் வித்து குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சாகும். சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். "உங்களையெல்லாம் சேனை வெச்சுத்தானடி வளர்த்தோம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பெரியம்மா, முதல் சட்டையை நீங்கதான் போட்டுவிடணும்" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் நான்கு ஜப்லாவையும் மடியில் விரித்து, முடிச்சை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து, நீல நிறத்தில் ஒன்றை எடுத்து மேலே வைத்தார்.

நேற்று இரவு ஒத்திகையும் பார்த்தோம். விளக்கை அணைத்துவிட்டு, "துணி கொடுங்க" என்றேன். என் கணவர் மஞ்சள் பையில் கைவிட்டு ஒரே எடுப்பில் எடுத்துவிட்டார்!

வேறு என்ன? எக்ஸ்டென்ஷன் ஒயர், வாங்கவில்லை, நாளைக்கு வாங்க வேண்டும். கட்டில் ஒரு பக்கம் இருக்கும், பிளக் பாயிண்ட் ஒரு பக்கம் இருக்கும். என் மூக்குக் கண்ணாடிக்கு டப்பா. சரி, அம்மா இரும்புச்சத்து மாத்திரையோடு வந்து நிற்கிறார், காபி குடிப்பதற்குள் போட வேண்டும். வருகிறேன்.