கறிவேப்பிலை வாங்கப் போன நடை

வானொலி நேயர்களுக்கு வணக்கம். மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் 31 வருஷம் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கொரோனா வந்துபோன பிறகு உடற்பயிற்சி விஷயத்தில் நம் மனசு எப்படி மாறியது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். லேட்டாக வந்த பையனை என்ன செய்வேன்? "கிரவுண்டை நாலு சுத்து சுத்திட்டு வாடா." சட்டைப் பட்டன் போடவில்லையா, பத்து தோப்புக்கரணம். ஓட்டம் நல்லது என்று வகுப்பில் சொன்னவனும் நான்தான், அதையே தண்டனையாகக் கொடுத்தவனும் நான்தான். அப்படி வளர்ந்த பையனிடம் நாற்பது வயதில் டாக்டர் "தினமும் நடங்க" என்றால் எப்படி எடுத்துக்கொள்வான்? சர்க்கரை வந்ததற்குத் தண்டனை என்றுதான்.

2020 மார்ச் 25, ஊரடங்கு தொடங்கியது. ரோட்டில் திரிந்தவர்களைப் பிடித்துப் போலீஸ்காரர்கள் என்ன செய்ய வைத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? தோப்புக்கரணம்! டிவியில் பார்த்து வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் போலீஸ்காரர்களும் என்னை மாதிரி ஒரு வாத்தியாரிடம்தானே படித்திருப்பார்கள்.

ஆனால் அதே நாட்களில் தலைகீழாக இன்னொன்றும் நடந்தது. எங்கள் தெருவில் ஒரு வங்கி அதிகாரி, ஓய்வு பெற்றவர். பத்து வருஷமாகச் சர்க்கரை. வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நாங்கள் ஆறேழு பேர் காலையில் நடப்போம். வாங்க சார் என்று எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்! முழங்கால் வலிக்கும், பனி பெய்யும், தினம் ஒரு காரணம். ஊரடங்கு வந்து நாலாவது நாள் பார்க்கிறேன், மனுஷர் கையில் மஞ்சப்பையோடு கிளம்பிவிட்டார். பக்கத்திலேயே கடை இருக்கிறது, இவர் மூன்று தெரு தள்ளி உள்ள கடைக்குப் போகிறார். முனையில் ஒரு இளவயசுப் போலீஸ்காரர் நிறுத்தியிருக்கிறார்.

"எங்க சார் போறீங்க?"

"கறிவேப்பிலை வாங்க, தம்பி."

"நேத்தும் கறிவேப்பிலைதானே சொன்னீங்க?"

இவர் அசரவில்லை. "வீட்ல ரசம் கொஞ்சம் ஜாஸ்தி" என்றாராம்!

பத்து வருஷம் டாக்டர் சொல்லி நடக்காத கால், போகாதே என்று சொன்னதும் நடந்தது. நம் ஊரில் மட்டுமல்ல. ஸ்பெயினில் ஏழு வாரம் போல அடைத்துவைத்து, 2020 மே 2-ஆம் தேதி பெரியவர்கள் நடக்கவும் ஓடவும் வெளியே வரலாம் என்று நேரம் குறித்துக் கொடுத்தார்கள். அன்று காலை ஊரே தெருவில். இங்கே ஜூன் கடைசியில் மதுரைக்கு மறுபடி முழு ஊரடங்கு வந்ததும் எங்களுக்கு மொட்டை மாடிதான் கதி. எட்டு நடை தெரியும்தானே? லைசென்ஸுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியில் எட்டுப் போட்டிருப்பீர்கள், அதைக் காலால் போடுவது. தண்ணித் தொட்டிக்கும் துணி காயப்போடுகிற கொடிக்கும் நடுவில் சாக்பீஸால் எட்டுப் போட்டு நடந்தேன். நாலு வீடு தள்ளி வங்கிக்காரரும் எட்டுப் போட்டார். மாடிக்கு மாடி சத்தம் போட்டுத்தான் பேச்சு.

ஒன்று சொல்ல வேண்டும். மாடி எங்களுக்குக் கிடைத்தது, வீட்டுப் பெண்களுக்கு எத்தனை பேருக்குக் கிடைத்தது? எல்லோரும் வீட்டில் இருந்தால் அடுப்பு மூன்று வேளையும் எரியும். வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே என்பார்கள். உடம்பு அசைகிற எந்த வேலையும் கணக்கில் சேரும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நான் மாடியில் நடந்த அரைமணி நேரம் எனக்கே எனக்கானது. என் மனைவிக்கு அந்த அரைமணி அடுப்படியில்தான் போனது.

பிறகு 2021 மே. இரண்டாம் அலை. விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி ஆறு நிமிஷம் அறைக்குள்ளேயே நடந்து பார்க்கச் சொன்னார்களே, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே இறங்குகிறதா என்று. அந்த ஆறு நிமிஷத்தை மறக்க முடியுமா? அதுவரை நடை என்றால் தொப்பை, எடை, இடுப்பளவு. அன்றைக்குத்தான் நடைக்கும் மூச்சுக்கும் உள்ள கணக்கு சாதாரண வீடுகளுக்குள் வந்தது. என்னைக் கேட்டால் பெரிய மாற்றம் இதுதான். எடையைப் பார்த்து நடக்கிறவன் எடை குறையாவிட்டால் நிறுத்திவிடுவான். மூச்சைப் பார்த்து நடக்கிறவனுக்கு மாடிப்படி ஏறும்போதே தெரிந்துவிடும்.

எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று சொல்லவில்லை. வங்கிக்காரர் தெப்பக்குளத்துக்கு ஆறு மாசம் வந்தார், பிறகு காணோம். கேட்டால், "இப்பத்தான் யாரும் தடுக்கலையே சார்" என்கிறார். நின்றுபோகாமல் வருகிறவர்கள், நடந்து முடித்துச் சேர்ந்து டீ குடிக்கிறவர்கள்தான். ஒருநாள் வராவிட்டால் போன் வரும், அதற்குப் பயந்தே வந்துவிடுவார்கள். திரும்பச் சொல்கிறேன், மன உறுதியை நம்பாதீர்கள், டீக்கடைக் கூட்டாளியை நம்புங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள். ஒரு நிமிஷமாம். நான் முக்கியமாகப் பேச வந்ததே பிள்ளைகளைப் பற்றித்தான். 2020 மார்ச்சில் மூன்றாம் வகுப்பில் வீட்டுக்குப் போன பிள்ளை, 2021 நவம்பர் 1-ஆம் தேதி பள்ளி திறந்தபோது ஐந்தாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. என் இடத்துக்கு வந்திருக்கும் ஆசிரியர் சொன்னார், "அரை சுத்து ஓடறதுக்குள்ள உக்காந்துடுதுங்க சார்." அந்த நேரத்தில்தான் பாடம் முடியவில்லை என்று பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் கேட்டு வந்தாராம். என் காலத்தில் வாங்கிய கடனையே அவர்கள் இன்னும் திருப்பித் தரவில்லை. கிளித்தட்டு, பச்சைக்குதிரை பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்திருந்தேன், அது சட்டைப்பையிலேயே இருக்கட்டும். விளக்கை அணைக்கப் போகிறார்கள். வணக்கம்.